அறுபத்து மூன்று பூட்டும் ஒரு திருட்டும்

சாவி அக்காவின் கடையைக் கடை என்று சொன்னால் மற்ற கடைகள் கோபித்துக்கொள்ளும். ஏ பிளாக்கின் மாடிப்படி வளைந்து ஏறும் இடத்துக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஒரு முக்கோணம் அது. சாவி வெட்டும் மெஷின் ஒன்று, ஆணிகளில் தொங்கும் முந்நூறு வெற்றுச் சாவிகள், ஒரு ஸ்டூல். பக்கத்தில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் தேய்ப்புக்காரியின் மேஜை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பிளக். மெஷின் ஓடினால் இஸ்திரிப் பெட்டி ஆறிப்போகும். பெட்டி சூடானால் மெஷின் படுத்துவிடும். ஏழு வருடமாக அந்த பிளக்குக்காக இவர்கள் சண்டை போடாத நாள் கிடையாது.

அந்த வாரம் குடியிருப்போர் சங்கம் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். ஒரே தீர்மானம். பம்ப் அறையின் மேலேயும் பின்கட்டிலும் குடியிருக்கும் "உரிய ஆவணமற்ற நபர்களை" வெளியேற்றுவது, அவர்களின் பெயர்ப் பட்டியலைக் காவல் நிலையத்தில் கொடுப்பது. காரணம், பெருகிவரும் திருட்டு.

உரிய ஆவணமற்ற நபர்கள் என்றால் அக்கரை ஆட்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கே வேலை இல்லை, இங்கே வேலைக்கு ஆள் இல்லை. நடுவில் ஒரு காவல் படகு. ஒரு படகு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் வந்து தரைக்கு மெருகு போட்டார்கள், சுவர் பூசினார்கள், துணி தேய்த்தார்கள். தேய்ப்புக்காரியும் அவள் கணவனும் அப்படி வந்தவர்கள்தான். பம்ப் அறையின் மேலே ஒற்றை அறையில் குடித்தனம். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. மற்றவர்களின் பெயர் சங்கத்தில் யாருக்கும் தெரியாது.

"என்னக்கா எழுதியிருக்கு?" என்று கேட்டாள் தேய்ப்புக்காரி. இந்தப் பக்கத்து எழுத்து அவளுக்கு வராது.

சாவி அக்கா படித்துச் சொன்னாள்.

"பெருகிவரும் திருட்டா? இங்க போனது பல் டாக்டரம்மா வீடு ஒண்ணுதானே? எங்க பெருகுது?"

சாவி அக்கா அண்ணாந்து பார்த்தாள். பதில் அவள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவளே எழுதிய போர்டு. "எச்சரிக்கை! இந்த வருடம் மட்டும் 63 வீடுகளில் பூட்டு மாற்றப்பட்டது. உங்கள் வீடு?" அந்த 63 சிவப்புச் சாக்பீஸில், நன்றாகத் தடிமனாக.

சாவி அக்கா சாவியோடு பிறக்கவில்லை. பதினெட்டு வயதில் பொத்தான் தொழிற்சாலையில் சேர்ந்தாள். நாலு ஓட்டைப் பொத்தானையும் இரண்டு ஓட்டைப் பொத்தானையும் பிரித்துப் போடுவதுதான் வேலை. மூன்று வருடத்தில், ஆளைப் பார்த்தாலும் ஓட்டையைத்தான் முதலில் எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டதாக அவளே சொல்வாள். ஒருநாள் தொழிற்சாலைப் பெட்டகத்தின் சாவி தொலைந்துபோனது. அதைத் திறக்க வந்தவரையே கல்யாணம் செய்துகொண்டாள். பெட்டகத்தை இருபது நிமிடத்தில் திறந்த மனிதர், அவளிடம் பேச வாயைத் திறக்க நாலு மாதம் எடுத்துக்கொண்டார். "வீட்டுக்கு ஒரு வாய் போதும்னு விட்டுட்டேன்" என்பாள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அவருக்கு மாரடைப்பு. போகும்போதும் மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது வாரம் சாவி அக்கா கடையைத் திறந்தாள். அவர் அவளுக்குத் தொழில் எதையும் சொல்லித் தந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வம்பளந்துகொண்டே கண்ணால் பார்த்து வைத்ததுதான். முதலில் மாட்டியவர் தபால்காரர். அவள் வெட்டிக் கொடுத்த சாவியோடு தன் வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் நின்றார். பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அவர் கொண்டுவந்தது நகலின் நகல். ஒவ்வொரு நகலிலும் ஒரு மயிரிழை தேய்ந்துபோகும். நாலாவது நகல் பார்வைக்கு அச்சு அசல் சாவி மாதிரியே மின்னும், ஆனால் பூட்டுக்கு அது யாரென்றே தெரியாது. அன்றிலிருந்து யார் வந்து நின்றாலும் அவளுடைய முதல் கேள்வி, "அசல் எங்க?"

ஒரு சாவி வெட்ட ஆறு நிமிடம் ஆகும். ஆறு நிமிடம் சும்மா நிற்க மனிதப் பிறவியால் முடியாது, பேசித்தான் ஆகவேண்டும். மழை, விலைவாசி, மருமகள் எல்லாம் முன்பு பேசினார்கள். இந்த வருடம் எல்லோருக்கும் அக்கரை ஆட்கள்தான் பேச்சு.

"நான் எல்லாரையும் சொல்லலக்கா. ஆனா..." என்று ஒருவர் ஆரம்பித்தால் எல்லாரையும்தான் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். சாவி அக்கா உடனே மெஷினைப் போட்டுவிடுவாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என் பெட்டி ஆறுது!" என்று குரல் வரும்.

மெஷினுக்கும் அடங்காத ஆட்கள் உண்டு. பி பிளாக்கில் ஒரு மருந்துக்கடைக்காரர்.

"பேப்பர் பார்த்தியா? அக்கரைக்காரன் ஒருத்தன் செயின் அறுத்திருக்கான்."

"அதே பக்கத்துல இந்த ஊர்க்காரங்க நாலு பேரும் அறுத்திருந்தாங்களே?"

"அது வேறக்கா. அவங்க திருடங்க."

சாவி அக்கா சாவி வெட்டுவதை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மனிதர் நிஜமாகவே சொல்கிறார்.

"பல் டாக்டரம்மா வீட்டுத் திருட்டுக்கு போலீஸ் பின்கட்டுல வந்து கேட்டிருக்காங்க. ஒருத்தன் விடாம எல்லாரும் 'நான் எடுக்கல'ன்னு சொல்லிட்டானுங்க. எந்தத் திருடனாவது ஆமான்னு சொல்வானா?"

"சரி. திருடாதவன்கிட்ட கேட்டா என்ன சொல்வான்?"

மருந்துக்கடைக்காரர் யோசித்தார். "அவனும் எடுக்கலன்னுதான் சொல்வான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க பாரு. எல்லாம் பேசி வச்சுக்கிட்டது!"

இன்னொரு கதையும் ஓடியது. அக்கரைக்காரன் ஒருவன் பட்டப்பகலில் பைப்பைப் பிடித்து மூன்றாவது மாடிக்கு ஏறினானாம். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சொன்னாள். அவன் கையில் முதலில் ஒன்றுமில்லை, அப்புறம் ஸ்குரூ டிரைவர் வந்தது, வார முடிவில் அது கத்தியாகிவிட்டது. சாவி அக்கா வழக்கம்போல அசல் எங்கே என்று தேடிக்கொண்டு போனாள். நாலு பேரைத் தாண்டி மூன்றாவது மாடி அம்மாவிடமே போய் நின்றாள்.

"ஆமா, ஏறினான். நான்தான் கூப்பிட்டேன். எங்க வீட்டுப் பைப்புல புறாக் கூடு அடைச்சிருந்துச்சு."

"இதை மத்தவங்ககிட்ட சொல்லலியா?"

"யாரும் கேக்கலியே. கத்தி வச்சிருந்தான்னு சொன்னதும் எனக்கே பயமாப் போச்சு."

இவ்வளவு நியாயம் பேசுகிற சாவி அக்காவின் கையும் சுத்தமில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோடையில் ஒரு மத்தியானம் பல் டாக்டரம்மா வீட்டில் திருட்டுப் போனது உண்மை. இரண்டு வளையல், ஒரு லேப்டாப். பூட்டைப் பார்க்கச் சாவி அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. டாக்டரம்மா அவசரத்தில் சாவியைத் திருப்பாமல் கதவை வெறுமனே இழுத்துவிட்டுப் போகிறவர். அப்படிச் சாத்திய கதவை ஒரு பிளாஸ்டிக் அட்டை இருந்தால் யாரும் திறக்கலாம். அவளே டாக்டரம்மாவின் கண் முன்னால் திறந்து காட்டினாள். யார் திறந்தார்கள் என்பதை மட்டும் பூட்டால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அந்த மாடியில் மூன்று வீட்டுக்காரர்கள் பூட்டை மாற்றினார்கள். அதற்கடுத்த மாடியில் ஆறு. சாவி அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. பழைய அலமாரிக் கதவு ஒன்றில் கறுப்புப் பெயின்ட் அடித்து, "9 வீடுகள், உங்கள் வீடு?" என்று எழுதி மாட்டினாள். ஒன்பதைப் பார்த்தவர்கள் வந்து அதைப் பதினைந்தாக்கினார்கள். பதினைந்தைப் பார்த்தவர்கள் இருபத்தெட்டாக்கினார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதும்போது அவளுக்குள் ஒரு குஷி. இத்தனை வருடத்தில் யாரும் அவளைப் பார்த்து, "எப்போ வருவே? கொஞ்சம் சீக்கிரம் வாயேன்" என்று கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சினார்கள்.

சங்கச் செயலாளர் கணக்கு சாரும் வந்தார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். சாவி அக்கா அவருக்கு வைத்த பெயர் "சதவீதம்". நாற்பத்தொன்றாவது பூட்டு அவர் வீட்டுக்கு. புதுச் சாவி கைக்கு வந்ததும் சட்டைப் பையில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போன வருஷம் மொத்தம் எத்தனை பூட்டு மாத்தியிருப்பே?"

"ஒரு பதினாலு இருக்கும் சார். இந்த வருஷம் பாருங்க, பிச்சுக்கிட்டுப் போகுது!" என்றாள், பெருமை தாங்காமல்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் போர்டைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். தன் கையெழுத்தை மெச்சித்தான் எடுக்கிறார் என்று அவள் நினைத்தாள். நோட்டீஸைப் படிக்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை கணக்கு சாரின் வீட்டுக்கே போய் நின்றாள்.

"சார், அந்த அறுபத்து மூணு திருட்டு இல்ல சார். பூட்டு."

"பூட்டு எதுக்கும்மா மாத்துவாங்க?"

"எது எதுக்கோ மாத்துவாங்க."

"எது எதுக்கோன்னா அது கணக்கு இல்ல. எண் பொய் சொல்லாது. போன வருஷம் பதினாலு, இந்த வருஷம் அறுபத்து மூணு. முந்நூற்றைம்பது சதவீத உயர்வு. பின்கட்டுல போன வருஷம் ஒன்பது பேர், இப்போ இருபத்திரண்டு பேர். ரெண்டு கோடும் சேர்ந்து ஏறுது."

"என் பொண்ணுக்கும் போன வருஷத்தைவிட எடை ஏறியிருக்கு சார். அதையும் சேர்த்துக் கோடு போடுவீங்களா?"

"நாளைக்குக் கூட்டத்துல பேசிக்கலாம்" என்று கதவைச் சாத்தினார். புதுப் பூட்டு கச்சிதமாக விழுந்தது. நல்லாத்தான் போட்டிருக்கேன் என்று அந்த எரிச்சலிலும் அவளுக்கு ஒரு திருப்தி.

வீட்டில் மகள் இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டாள். மகளுக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை.

"அம்மா, நாளைக்கு நீ வாயைத் திறந்தே, கடையைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. மாடிப்படி அவங்களோடது."

"நான் மாடிப்படிக்குக் கீழதானே இருக்கேன்?"

"விளையாடாத. அந்தத் தேய்ப்புக்காரிக்காகவா இதெல்லாம்? தினமும் அவளைத் திட்டிக்கிட்டுதானே இருக்கே?"

"அவளுக்காகன்னு யாருடி சொன்னா? அவ போயிட்டா பிளக் முழுக்க எனக்கு. மகராசியா இருப்பேன்." சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "அந்த எண்ணை எழுதினது நான். அதைக் காட்டி அவளைப் பிடிச்சுக் கொடுத்தா, நானே பிடிச்சுக் கொடுத்த மாதிரி."

"போர்டைக் கழட்டிட்டு கம்முனு இரேன்."

"கழட்டி என்ன பண்றது? அவர் போன்ல என் போர்டு இருக்கே."

ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்தும் தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அறுபது பேர் வந்திருந்தார்கள். குழாய் ஒன்றில் வெள்ளைப் பலகை கட்டித் தொங்கவிட்டு, கணக்கு சார் இரண்டு கோடு வரைந்திருந்தார். திருட்டுக்குச் சிவப்பு, பின்கட்டு ஆட்களுக்கு நீலம். இரண்டும் ஏறின. தேய்ப்புக்காரியும் அவள் கணவனும் கடைசித் தூணோரம் நின்றார்கள். சில நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன, ஆனாலும் அவர்கள் உட்காரவில்லை.

கணக்கு சார் தன் சதவீதத்தைச் சொல்லி முடித்ததும் சி பிளாக் வக்கீல் எழுந்தார். தேய்ப்புக்காரி பக்கம் பேச வந்த ஒரே ஆள் அவர்தான். இளம் வக்கீல், குரல் மட்டும் நீதிமன்றம் அளவுக்கு இருந்தது.

"இவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன தகுதி? நாம் வரி ஏய்ப்பதில்லையா? சிக்னலை மீறுவதில்லையா? இவர்கள் உழைப்பாளிகள்! இவர்களில் ஒருவர்கூடத் திருடர் கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன்!"

"தம்பி, அப்படி அடிச்செல்லாம் சொல்லாதீங்க" என்று தூணோரம் இருந்து குரல் வந்தது. தேய்ப்புக்காரி. "என் கொழுந்தன் சுத்தத் திருடன். எங்க ஊர்ல அவன் எடுக்காத கோழி கிடையாது."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

"பார்த்தீங்களா! அவளே ஒத்துக்கிட்டா!" என்று மருந்துக்கடைக்காரர் துள்ளி எழுந்தார்.

"என்னத்தை ஒத்துக்கிட்டேன்? அவன் அங்க இருக்கான், நான் இங்க இருக்கேன். உங்க அண்ணன், பொண்டாட்டி நகையை அடகு வச்சுட்டு ஓடிப்போனாரே, அதுக்கு நான் உங்களையா கேட்டேன்?"

"ஏய், அது எப்படி உனக்குத் தெரியும்?"

"சட்டை தேய்க்கக் கொடுக்கும்போது நீங்கதான் சொல்லி அழுதீங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் சாவி அக்கா எழுந்துவிட்டாள். நேரே பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், பலகையில இருக்கிற அறுபத்து மூணு என்னோடது. அது விளம்பரம். திருட்டுக் கணக்கு இல்ல."

"எண் சரியா தப்பா?" என்றார் கணக்கு சார்.

"எண் சரி."

"அப்போ உட்காரு."

"உட்கார மாட்டேன் சார். எண் சரி, நீங்க அதுக்கு மேல எழுதியிருக்கிற பேரு தப்பு. திருட்டுன்னு எழுதியிருக்கீங்க. நான் மாத்தினது பூட்டு. ஒவ்வொரு பூட்டையும் எதுக்கு மாத்தினேன்னு எனக்குத் தெரியும்."

"சொல்லேன் பார்ப்போம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அங்கேதான் சாவி அக்கா மாட்டிக்கொண்டாள். சொல்ல முடியாது. யார் வீட்டில் எந்தக் கதவுக்கு எதற்காகப் பூட்டுப் போட்டோம் என்று வெளியே பேசுகிற பூட்டுக்காரியை எவனும் தன் வாசற்படியில் ஏற்றமாட்டான். அவள் கணவர் அவ்வளவு பேசாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. அறுபது முகங்களையும் பார்த்தாள். பல முகங்கள் தரையைப் பார்த்தன. நாலைந்து பேர் கண்ணாலேயே வேண்டாம் என்று கெஞ்சினார்கள்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "நீங்களே சொல்லுங்க. என்கிட்ட பூட்டு மாத்தினவங்க அநேகமா எல்லாரும் இங்கதான் இருக்கீங்க. திருட்டுப் போனதால மாத்தினவங்க கையைத் தூக்குங்க."

பல் டாக்டரம்மாவின் கை மேலே போனது. அவர் திரும்பிப் பார்த்தார். வேறு கை இல்லை. கூச்சத்தில் தன் கையைப் பாதி இறக்கினார்.

"வேற?"

அப்போது மூன்றாவது மாடி அம்மா எழுந்தார். "எங்க வீட்ல மாமியார் கேட்காம உள்ள வந்துடறாங்க. அதுக்காக மாத்தினேன். அவங்க இன்னிக்குக் கூட்டத்துக்கு வரல, தைரியமா சொல்றேன்."

அவ்வளவுதான், அடைப்பு எடுத்த குழாய் மாதிரி ஆகிவிட்டது.

"என் பையன் சாவியைக் கிணத்துல போட்டுட்டான்."

"குடிச்சுட்டு வந்தா உள்ள விடக்கூடாதுன்னு என் வீட்டம்மா மாத்தினா. நியாயம்தான்."

"ஃப்ரிட்ஜுக்குப் போட்டேன். எனக்குச் சர்க்கரை வியாதி. சாவி என் மனைவிகிட்ட."

"ஃப்ரிட்ஜும் இந்த அறுபத்து மூணுல சேர்த்தியா?" என்று கணக்கு சார் பதறினார்.

"வீட்டுக்குள்ளதானே சார் இருக்கு" என்றாள் சாவி அக்கா.

"சரி, மீதிப் பேர் எல்லாம்? பயத்துல மாத்தினவங்க?" என்று அவளே கூட்டத்தைக் கேட்டாள்.

நாற்பதுக்கு மேல் கைகள் உயர்ந்தன.

"என்ன பயம்?"

"உன் போர்டைப் பார்த்துதான் பயம்!" என்று முதல் வரிசையில் ஒருவர் எரிந்து விழுந்தார். "நாப்பத்தேழு வீடுன்னு போட்டிருந்தே. நாப்பத்தேழு வீட்ல திருட்டுன்னு நினைச்சு ஓடி வந்தேன். நீ நாப்பத்தெட்டாக்கிட்டே!"

கணக்கு சார் மார்க்கரைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் கோபக்காரர், பிடிவாதக்காரர், ஆனால் கணக்கில் களவு செய்கிறவர் இல்லை. அவருடைய வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அங்கிருந்த சாவியைத் தொட்டது. அவரும் போர்டைப் பார்த்துத்தான் வந்தார். பலகையில் அவர் எழுதியிருந்த அறுபத்து மூன்று குற்றங்களில் ஒரு குற்றம் அவர் வீட்டு வாசல் கதவு. இதைச் சாவி அக்கா சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். அவரே கையை மெல்லத் தூக்கினார். வகுப்பில் பாத்ரூம் போகக் கேட்கும் பையனைப் போல இருந்தது. பிறகு திரும்பி, சிவப்புக் கோட்டை அழித்துவிட்டு, 63 இருந்த இடத்தில் 1 என்று எழுதினார். ஒன்றை வைத்து எந்தக் கோடும் போட முடியாது.

"அந்த ஒண்ணை இவங்க எடுக்கலன்னு உன்னால சொல்ல முடியுமா?" மருந்துக்கடைக்காரர் விடவில்லை.

"முடியாது. நீங்க எடுக்கலன்னும் என்னால சொல்ல முடியாது. பூட்டுல பேரு எழுதி வச்சுட்டுப் போகல."

"காகிதம் இல்லாம ஆத்தைத் தாண்டினவங்க எந்தச் சட்டத்தையும் மீறுவாங்க!"

"மொட்டை மாடியில அனுமதி இல்லாம ஷெட் போட்டிருக்கீங்களே, அடுத்து பேங்க்ல கொள்ளை அடிக்கப் போறீங்களா?"

"நீ அவங்க ஆளு! தினமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கீங்க. உன் பேச்சை எப்படி நம்பறது?"

"நானா? இவ ஆளா?" சாவி அக்காவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "ஏழு வருஷமா என் மெஷினை நிறுத்தறவ இவ! அது போகட்டும். நான் யார் ஆளா இருந்தா என்ன? கை தூக்கினது நானா, நீங்கதானே?"

காகிதம் இல்லாமல் வந்தது சரியா என்று யாரோ கேட்டார்கள். அது எனக்குத் தெரியாது, அதைப் பேசணும்னா அதுக்குத் தனியா நோட்டீஸ் ஒட்டுங்க, இன்னிக்கு ஒட்டியிருக்கிறது திருட்டு என்றாள். கணக்கு சார் அதை ஆமோதித்தார். தீர்மானத்துக்கு எதிராக முப்பத்து நாலு கை, ஆதரவாக இருபத்தாறு. சதவீதம் சொல்ல வாயெடுத்துவிட்டு, வேண்டாமென்று மூடிக்கொண்டார்.

நீங்கள் நினைக்கிற மாதிரி யாரும் கைதட்டவில்லை. நாற்காலியை அடுக்கிவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் சாவி அக்காவிடம் வந்து, பயமுறுத்திப் பூட்டு விற்றதற்குச் சண்டை போட்டார்கள். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்று, வக்கீலிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "சங்கம் பட்டியல் கொடுக்காட்டி என்ன? ஸ்டேஷன்ல எனக்கு ஆள் இல்லையா?"

அது தேய்ப்புக்காரியின் காதிலும் விழுந்தது.

மறுநாள் காலை அவள் தடுப்பைத் தட்டினாள். "அக்கா, எங்க ரூமுக்கு ஒரு பூட்டுப் போடணும்."

"உனக்கு எதுக்குடி பூட்டு? உள்ள என்ன வச்சிருக்கே?"

"வந்து பாரு."

பம்ப் அறையின் மேலே சாவி அக்கா ஏறியது அதுதான் முதல் தடவை. கதவுக்கு இதுவரை ஒரு கம்பிக் கொக்கிதான் இருந்தது. உள்ளே ஒரு பாய், ஒரு அடுப்பு. மற்ற இடமெல்லாம் துணி. தேய்த்து மடித்து, வீட்டு நம்பர் கட்டி, சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. நாலு பிளாக் துணியும் அங்கேதான் தூங்குகிறது. ஏழு வருடமாகக் கொக்கி போட்ட அறையில், ஒரு கைக்குட்டைகூடக் குறையாமல்.

கதவு மரம் உளுத்திருந்தது, ஸ்குரூ நிற்கவில்லை. சாவி அக்கா திட்டிக்கொண்டே இரும்புத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அதில் பூட்டைப் பொருத்தினாள். ஒரு மணி நேர வேலை.

"ரெண்டு சாவி வரும். உனக்கொண்ணு, உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணு."

"மூணாப் போடு. ஒண்ணு நீ வச்சுக்க."

"பூட்டுக்காரி அடுத்தவ வீட்டுச் சாவியை வச்சுக்கக் கூடாதுடி. தொழில்ல அது பாவம்."

"எங்களை எப்ப வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு தெரியாது. வந்தா சொல்லிட்டுப் போகவும் விடமாட்டாங்க." தேய்ப்புக்காரி அடுக்கைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "நாங்க போயிட்டா இதையெல்லாம் யார் எடுத்துக் கொடுப்பா? அப்புறம் துணியைத் திருடிட்டு ஓடிட்டாங்கன்னு எழுதி ஒட்டுவாங்க. நம்பர் எல்லாத்துலயும் இருக்கு. நீ வீடு வீடா கொடுத்துடு."

சாவி அக்கா கீழே இறங்கிப் போய் மெஷினைப் போட்டாள். அசலை வைத்து மூன்றாவது சாவியை வெட்டினாள். ஆறு நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். திரும்பி மேலே வந்து அதைத் தன் சொந்த வளையத்தில், தன் வீட்டுச் சாவிக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டாள்.

"கணக்கு சார் துணி எது?" என்று கேட்டாள்.

"அந்த ஓரத்துல, நாலு பேன்ட், ரெண்டு சட்டை. நீலச் சட்டையில மூணாவது பொத்தான் கிடையாது. முதல்லயே கிடையாதுன்னு அவர்கிட்ட சொல்லிடு."